தூக்கி வைத்த சப்பாத்து

அக்கா கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க மண்டப வாசலில் நின்றபோது அப்பாவின் சப்பாத்து உதிர்ந்துபோனது. மேல்தோலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. விடியற்காலையிலேயே வாசல்படியில் உட்கார்ந்து கிவி தடவி, பழைய பனியன் துணியால் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தார். அடிப்பாகம் மட்டும் கோப்பியில் ஊறிய பிஸ்கட்போல் நொறுங்கி, அவர் நடந்த வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகளாகக் கிடந்தது. யாரோ மண்ணை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்து, மண்டபத்தில் வேலை செய்யும் அம்மா துடைப்பத்தோடு வந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டையும் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"மணவறைக்கிட்ட போனா எப்படியும் கழட்டத்தானே வேணும். போவுது விடு ஐயா, நீ போயி அவங்கள கவனி."

வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு சிலுவார், வெறுங்கால். வாசலில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அப்பா அப்படித்தான் நிற்கிறார். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் யாரும் காலைப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் முதலில் அதுதான் தெரியும்.

அந்தச் சப்பாத்தை அக்காவின் பட்டமளிப்பு விழாவுக்காக ஈப்போவில் வாங்கியிருந்தார். அதன்பிறகு ஏழு வருடத்தில் நான்கே முறைதான் போட்டார். மற்ற நாளெல்லாம் அட்டைப்பெட்டிக்குள், மெல்லிய காகிதம் சுற்றி, அலமாரியின் மேல் இருந்தது. "விசேஷத்துக்கு" என்று அம்மா பெட்டியின்மேல் எழுதிக்கூட வைத்திருந்தார். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து அப்பா சொன்னார்: "சப்பாத்து நல்ல சப்பாத்துதான். தூக்கி வெச்சு வெச்சே கெட்டுப்போச்சு."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் பட்டறை வேலை பார்க்கிறேன் நான். அந்தப் பையை அங்கே எடுத்துப் போய், மிச்சமிருந்த அடிப்பாகத்தைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதற்குள் மெல்ல மெல்ல இறங்கி, அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இரசாயனப் பிணைப்புகளை அறுத்துவிடும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில், மூடிய பெட்டிக்குள் அது இன்னும் வேகமாக நடக்கும். போட்டாலும் நடக்கும், போடாமல் வைத்தாலும் நடக்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஒரு நாள் காலை ஊன்றும்போதுதான் தெரியும். அந்த அடிப்பாகத்தைத் தைத்திருக்கவும் இல்லை, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பழுது பார்க்கலாம் என்றாலும் பிடித்துத் தைக்க அதில் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து எந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன். ஹெரிட்டேஜ் பூட்ஸ் என்று சொல்கிறார்களே, பழைய முறையில் தோலால் தைத்து, அடி தேய்ந்தால் அடியை மட்டும் மாற்றிக்கொள்ளும் பூட்ஸ், அதன்மேல் எனக்கு ஆசை வந்தது அப்படித்தான். பார்க்க அழகு என்பதெல்லாம் பிறகு வந்த சேதி.

இப்போது அப்பாவுக்கு எழுபது ஆகப்போகிறது. கோயிலில் ஒரு பூஜை, பிறகு உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு. அவருக்கு ஒரு நல்ல ஜோடி வாங்கவேண்டும் என்று முடிவு செய்தேன். சாதாரண சப்பாத்துத்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது பூட்ஸ். "கணுக்கால பிடிச்சாப்புல இருக்கணும்யா. இல்லாட்டி காலு ஆடுது."

காரணம் எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவர். எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அன்று முதல் வேலையை விட்டு நிற்கும்வரை, முழங்காலுக்குக் கீழே வரும் ரப்பர் பூட்ஸ்தான். முள்ளுக்கும் பாம்புக்கும் அது வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் கணுக்காலைக் கவ்விப் பிடித்திருந்த ஒன்று திடீரென்று இல்லாமல் போனால் கால் தடுமாறத்தானே செய்யும்.

ஆனால் வேலைக்காட்டு பூட்ஸ்போல் தெரியவும் கூடாது. அதைச் சொன்னது அம்மா. "பெரட்டுக்கு போற மாதிரி கோயிலுக்கு வந்து நிக்கக் கூடாது."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுச் சிக்கலும் இருந்தது. உறுதியான பூட்ஸ் எல்லாம் வேலைக்காரனுக்காகப் பிறந்தவை. என்னிடம் இருக்கும் ரெட் விங் 'அயர்ன் ரேஞ்சர்' ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் 1905-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கியது. அங்குள்ள இரும்புச் சுரங்கப் பகுதியின் பெயரைத்தான் அந்த பூட்ஸுக்கு வைத்திருக்கிறார்கள். முனையில் இரட்டைத் தோல், மேடாக உருண்டு நிற்கும். ஜீன்ஸுக்குக் கீழே கம்பீரமாக இருக்கும். மடிப்புக் கலையாத சிலுவாருக்குக் கீழே போட்டால் இரண்டு தேங்காயைக் கட்டிவிட்டது போலிருக்கும். தரம் வேறு, எடுப்பு வேறு.

எடுப்பு எங்கே இருக்கிறது என்று பல மாதமாகப் பார்த்துப் பார்த்து நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். பெரும்பாலும் அது ஓரத்தில் இருக்கிறது. பூட்ஸைத் தரையில் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மேல்தோலுக்கு வெளியே அடிப்பாகம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு தடிமன், அதன் ஓரத்துக்குச் சாயம் பூசியிருக்கிறதா, தோலின் இயல்பான வெளிர் நிறத்திலேயே விட்டிருக்கிறதா. ஓரம் மெலிந்து, மேல்தோலின் நிறத்துக்கே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சுற்றிவரும் தையல் பட்டியையும் கவனிக்கவேண்டும். பட்டி குதிகாலையும் சுற்றி முழு வட்டம் வந்தால் பின்பக்கம் அகன்று தெரியும். குதிகால் தொடங்கும் இடத்தோடு நின்றால் பின்பக்கம் ஒடுங்கி, அழகாக இருக்கும்.

அடுத்தது நூல். டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸின் மஞ்சள் நூல் உலகத்துக்கே தெரியும். முதல் ஜோடி வெளிவந்த 1960 ஏப்ரல் 1-ஐ வைத்துத்தான் அதற்கு 1460 என்று பெயர். அந்த மஞ்சள் கோடுதான் அதன் அடையாளம், அதனால்தான் கோயில் வாசலில் அது பொருந்தாது. கண் நேராக அடிப்பாகத்துக்குப் போய்விடும். நூல் தோலின் நிறத்தில் இருக்கவேண்டும். கயிறு கோர்க்கும் ஓட்டைகளில் பித்தளை வளையம் மின்னினாலும் இதே கதைதான்.

முனை எப்படி இருக்கவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூர்முனை வேண்டாம், உருண்டை முனையும் வேண்டாம். வாதாம் பருப்பு வடிவில் மெல்லக் குறுகினால் போதும். இதைத் தீர்மானிப்பது தோல் கிடையாது, தோலை எந்தக் கட்டையின் மேல் இழுத்துத் தைத்தார்களோ அந்தக் கட்டை. ஒரே தோல், ஒரே தையல், கட்டை மட்டும் வேறு என்றால் ஒன்று காட்டுக்குப் போகும், இன்னொன்று கல்யாணத்துக்குப் போகும்.

அப்பாவை ஈப்போவில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். நான் ஓரத்தையும் பட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு மூலையில் க்ளார்க்ஸ் 'டெசர்ட் பூட்' ஒன்றைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். மிருதுவான மெருகற்ற தோல், அடியில் தேன் நிறத்தில் கிரேப் ரப்பர். கட்டைவிரல் நகத்தால் அடிப்பாகத்தை அழுத்தினார். நகம் பதிந்து, மெல்ல மீண்டது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஓரத்தைத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மெல்லிய அடுக்குகளை விரலால் தடவி எண்ணினார்.

"இது நம்ம பாலுய்யா. புகை போடாத சீட்டு."

விற்பனைப் பையன் சிரித்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கிரேப் என்பது உண்மையில் அதுதான். மரத்திலிருந்து வடித்த பாலை உறைய வைத்து, உருளைகளுக்கு இடையில் விட்டுக் கழுவிப் பிழிந்து, புகைக்கூண்டில் போடாமல் காற்றில் உலர்த்திய ரப்பர். எந்தத் தோட்டத்து மரம் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாகப் போய் மங்கில் பால் எடுத்த ஒருவருக்கு அந்த வாசனை தெரியாமல் போகுமா?

அந்த பூட்ஸை வாங்கவில்லை. கிரேப் ரப்பர் ஈரமான பளிங்குத் தரையில் வழுக்கும். தூசியை இழுத்து இழுத்து ஒரு மாதத்தில் ஓரம் கறுத்துவிடும். எழுபது வயதுக்காரர் கோயில் பிரகாரத்து வாசலில் வழுக்கி விழக் கூடாது. ஆனால் திரும்பி வரும் வழியில் காரை கோலகங்சாருக்கு விட்டேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான். அங்கே வேலிக்குள் நிற்கிறது அந்த முதிய ரப்பர் மரம். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனது 1876-ல். அடுத்த வருடமே நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக்குக்கு வந்து, கோலகங்சாரில் அன்றைய பேராக் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த முதல் நடவில் மிஞ்சியது இந்த மரம் என்கிறார்கள். அப்பா அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பட்டையைப் பார்த்தார். "வெட்டவே எடமில்ல இதுல" என்று மட்டும் சொன்னார்.

இந்த மரத்துக்கும் நல்ல பூட்ஸுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் விறைக்காது என்று கண்டுபிடித்து 1844-ல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் குட்இயர். அது நடக்காமல் இருந்திருந்தால் ரப்பருக்கு இத்தனை கிராக்கி வந்திருக்காது. தோட்டங்கள் வந்திருக்காது. எங்கள் பாட்டன் கப்பல் ஏறியிருக்கமாட்டார். அதே குட்இயரின் மகன், அவர் பெயரும் சார்லஸ்தான், தோல் பட்டியை வைத்துச் சப்பாத்தின் அடியைத் தைக்கும் இயந்திரத்தைச் சீர்படுத்திப் பேர் வாங்கினார். அதனால்தான் இன்றும் அந்தத் தையலுக்கு குட்இயர் வெல்ட் என்று பெயர். மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு பட்டியோடு தைப்பார்கள். அந்தப் பட்டியோடு அடிப்பாகத்தைத் தனியாகத் தைப்பார்கள். உள்ளடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் தக்கைத் தூள் நிரப்புவார்கள். போடப் போட அது காலின் வடிவத்துக்கு அமுங்கிவிடும். அடி தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்தால் போதும். மேல்தோலைத் தொடவே வேண்டாம்.

மெலிந்த பூட்ஸ் வேண்டும் என்றால் பிளேக் தையலும் உண்டு. உள்ளடியிலிருந்து அடிப்பாகம்வரை ஒரே தையல், ஓரம் இன்னும் ஒல்லியாக வரும், நன்றாக வளையும். ஆனால் தண்ணீர் அந்தத் தையல் வழியாகவே உள்ளே வரும். மாலை நான்கு மணிக்கு வானம் உடைந்து கொட்டும் ஊரில் அதை நான் வாங்கமாட்டேன்.

அடிப்பாகத்துக்குத் தோல் வேண்டாம், ரப்பரே வேண்டும். கட்டி கட்டியாகப் பல் நீட்டிய ரப்பர் போட்டால் எடுப்பு போய்விடும். இதற்கு இங்கிலாந்துக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டெய்னைட் என்று பெயர், மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் செய்வது. வட்ட வட்டப் பொட்டுகள் அடிப்பாகத்துக்குள் அடங்கியிருக்கும், வெளியே எட்டிப்பார்க்காது. பக்கத்திலிருந்து பார்த்தால் தோல் அடிபோல் மெல்லிய கோடுதான் தெரியும். மழையில் பிடிக்கும், மண்டபத்தில் மானம் காக்கும். கோயிலுக்கும் சேற்றுக்கும் நடுவில் வாழ்கிற நமக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பாலியூரித்தேன் வேண்டாம் என்று நான் சத்தியமே செய்திருக்கிறேன்.

தோலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சிகாகோவின் ஹோர்வீன் தோல் ஆலையின் குரோம்எக்ஸெல் தோலைப் பலர் கொண்டாடுகிறார்கள். எண்ணெய் ஊறிய, மெத்தென்ற தோல். எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பெரிய பெரிய மடிப்பாகச் சுருங்கும், கீறல் உடனே தெரியும். விசேஷத்துக்குக் கொஞ்சம் இறுக்கமான கன்றுத்தோல் நல்லது. தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலே ஊரின் உயிர். முன்பெல்லாம் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்திய மண் அது. கடையில் நல்ல தோலைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நம்மவர் கை பட்டதாக இருக்கலாம்.

நிறம் கோப்பி-ஓ நிறம். கறுப்பு போலவே இருக்கும், வெயிலில் மட்டும் பழுப்பு தெரியும். கறுப்பு சிலுவாருக்கும் போகும், சாம்பல் சிலுவாருக்கும் போகும்.

இனி வாசல்படிப் பிரச்சினை. வெள்ளைக்காரர் காலையில் பூட்ஸைக் கட்டினால் இரவில்தான் அவிழ்ப்பார். நாம் ஒரே விசேஷ நாளில் வீட்டு வாசல், கோயில், மண்டப மேடை, அத்தை வீடு என்று எத்தனை முறை கழற்றி மாட்டுகிறோம்! அதனால் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த, கயிறில்லாத பூட்ஸ்தான் நமக்குச் சரி என்று நினைத்திருந்தேன். நானே ஆர்.எம். வில்லியம்ஸ் வகையில் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். 1932-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தொடங்கியவர்கள். ஒரே துண்டுத் தோலை மடக்கி, பின்னால் ஒரே ஒரு தையல். எடுப்பு என்றால் அதுதான் எடுப்பு. இழுத்தால் வரும், நுழைத்தால் போகும்.

அப்பாவின் கால் அதற்குள் போகவில்லை. புறங்கால் மேட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு சைஸ் கூட்டிப் பார்த்தோம். புகுந்தது, ஆனால் குதிகால் உள்ளே மேலும் கீழும் ஏறி இறங்கியது. இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். கால் அகலமென்றால் நீளத்தைக் கூட்டுகிறோம். சின்ன வயதிலிருந்து செருப்பில்லாமல் நடந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும், விரல்கள் பிரிந்து நிற்கும். அது குறை கிடையாது, பாதம் இயல்பாக வளர்ந்த வடிவமே அதுதான். நல்ல பூட்ஸ் செய்கிறவர்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் பல அகலம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் டி என்பது நடுத்தரம், இ கொஞ்சம் அகலம், இரட்டை இ நல்ல அகலம். கடையில் பெரும்பாலும் டி மட்டும்தான் இருக்கும். மற்றதைக் கேட்டு வரவழைக்கவேண்டும். நமக்கு வெட்கம், கேட்பதில்லை. சிறியதை வாங்கிக் கடித்துக்கொண்டு நடக்கிறோம், இல்லாவிட்டால் பெரியதை வாங்கிப் பஞ்சு திணிக்கிறோம். பெட்டியில் போட்டிருக்கும் எண் இங்கிலாந்துக் கணக்கா அமெரிக்கக் கணக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அளவில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று வித்தியாசம்.

ஆகவே அப்பாவுக்குக் கயிறு கட்டும் பூட்ஸ்தான். கயிற்றுப் பகுதி இரண்டு பக்கமும் கதவுபோல் விரியும் டெர்பி வகை. புறங்கால் மேடு எவ்வளவு இருந்தாலும் இடம் கொடுக்கும், கணுக்காலையும் இறுக்கிப் பிடிக்கும். முனையில் ஒற்றைக் கோடு மட்டும், பூவேலை ஒன்றும் வேண்டாம். வாசல்படியில் குனிந்து கட்ட நான் இருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

விலையை அம்மாவிடம் சொல்வதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. இப்போது குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். இந்த ரக பூட்ஸ் பலவற்றின் விலை அதை நெருங்கும். ஒரு தொழிலாளியின் ஒரு மாதத்தைக் காலில் மாட்டிக்கொள்வது எனக்கும் லேசான காரியமாகத் தெரியவில்லை. நானும் அக்காவும் பாதிப் பாதி போடுகிறோம். அடி மாற்றுவதற்கு ஆள் உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டேன். டவுனில் கடை ஐந்தடியில் உட்கார்ந்து சப்பாத்து தைக்கும் பெரியவர் என் பழைய ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பட்டியை விரலால் தடவிவிட்டு, "இதுல கையாலயே தைக்கலாம் தம்பி. கொண்டாங்க" என்றார்.

பெட்டியில் வைக்கக் கூடாது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது போடவேண்டும். கோயிலுக்கோ கோப்பிக் கடைக்கோ, எங்கேயாவது. தொடர்ந்து இரண்டு நாள் வேண்டாம், வியர்வை காயவேண்டும். நனைந்தால் வெயிலில் வைக்காமல், காகிதத்தைத் திணித்து நிழலில் காயவிடவேண்டும். உள்ளே மரக்கட்டை போட்டு, காற்றாடும் இடத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. மூடிய அலமாரிக்குள் வைத்தால், அடைமழைக் காலத்தில் ஒரே வாரத்தில் வெள்ளை பூத்துவிடும். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கத்தை அப்பா விடவேண்டும். அது சிக்குப் பிடித்துப் பூஞ்சைக்குத் தீனியாகும். மெருகும் போய்விடும். நிறத்துக்கேற்ற கிரீமைக் கொஞ்சமாகத் தடவித் தேய்த்தால் போதும்.

நேற்று மாலை அளவெடுத்தோம். கால் நாளெல்லாம் நடந்து கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அதுதான். வாசலில் மணிலா அட்டையை விரித்து, அப்பாவை இரண்டு காலிலும் பாரம் போட்டு நிற்கச் சொன்னேன். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, குதிகாலிலிருந்து சுற்றி வந்தேன். பெருவிரல் தனியே விலகி நின்றது. குதிகாலில் பழைய வெடிப்புகள், பால்கறைபோல் கறுத்திருந்தன. சுண்டுவிரல் பக்கம் பென்சில் வந்ததும் அவர் கூசி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். வலது காலைவிட இடது கால் அரை சென்டிமீட்டர் நீளம். நீளமான காலுக்குத்தான் வாங்கவேண்டும்.

"இவ்ளோ பெரிசா என் காலு?" என்று குனிந்து அட்டையைப் பார்த்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். அட்டையின் ஓரத்தில் தேதியைப் போட்டு, இரட்டை இ என்று எழுதி, இன்று காலை அனுப்பிவிட்டேன்.